அந்நியர் கண்ணில் பட்ட ஆங்கிலம்

1132ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பீட்டர்பரோ மடத்துத் தலைவர் ஹென்றிக்குப் பதவி போயிற்று. பிரான்சில் ஏற்கெனவே ஒரு மடத்துக்குத் தலைவராக இருந்துகொண்டே பீட்டர்பரோவையும் கைக்குள் போட்டுக்கொண்டவர் அவர். பீட்டர்பரோ மடத்தைப் பிரான்சின் குளுனி மடத்துக்குக் கீழே கொண்டுபோகத் திட்டம் போட்டார். விஷயம் அரசர் முதலாம் ஹென்றியின் காதுக்கு எட்டியது. பதவியை விட்டுவிட்டு நாட்டைவிட்டே போய்விட வேண்டும் என்று உத்தரவு வந்தது. துறவிகளுக்கு இவரைத் தொடக்கத்திலிருந்தே ஆகாது. 1127இல் அவர் வந்து சேர்ந்த காலத்தில், கன்னங்கரிய வேட்டைக்காரர்கள் இரவுகளில் காட்டுக்குள் திரிந்ததைப் பலர் கண்டார்கள் என்றே மடத்தின் நாளாகமத்தில் எழுதிவைத்தார்கள்.

பதவியிறக்கத்தை எழுதிய துறவியின் பெயர் தெரியாது. 1132 முதல் 1154 வரையான நிகழ்ச்சிகளை அவர் ஒரே மூச்சில் எழுதி முடித்திருக்கிறார். அந்தக் கையெழுத்துப் பிரதி இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. மடத்தலைவர் பதவியை விட்டதைச் சொல்ல அவர் இரண்டு சிறு சொற்களைச் சேர்த்து எழுதினார். இன்று நாம் ‘கிவ் அப்’ என்று சொல்லும் அதே இணை. ‘கிவ்’ என்றால் கொடு, ‘அப்’ என்றால் மேலே. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் ‘மேலே கொடு’ என்றுதான் வரவேண்டும். ஆனால் பொருள் ‘கைவிடு’. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்த ஒவ்வொரு தமிழரும் ஏதோ ஒரு நாளில் முட்டிக்கொண்ட இடம் இது. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு, ‘புட் அவுட்’ என்றால் அணை, ‘புட் அப் வித்’ என்றால் சகித்துக்கொள். ‘புட்’ என்பதற்குப் பொருள் தெரிந்திருந்தும் பயனில்லை. இவற்றைத்தான் இலக்கணப் புத்தகங்கள் ‘ஃபிரேசல் வெர்ப்’ என்கின்றன.

இந்த அமைப்பு ஆங்கிலத்தில் முதலிலிருந்தே இப்படி இருக்கவில்லை. பீட்டர்பரோ துறவிக்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் ‘அப்’, ‘ஆஃப்’ போன்ற ஒட்டுச்சொல் பெரும்பாலும் வினைக்கு முன்னால் வந்தது. ஜெர்மன் மொழி இன்றும் அந்த வழக்கத்தைப் பாதி காப்பாற்றி வைத்திருக்கிறது. ‘கைவிடு’ என்பதற்கு அங்கே ‘அவுஃப்கேபென்’ என்று ஒரே சொல். வாக்கியத்தில் போடும்போது ‘அவுஃப்’ தனியே பிரிந்து கடைசிக்குப் போகும். ஆங்கிலத்தில் அந்தப் பழைய முன்னொட்டுகள் சில உறைந்து நின்றுவிட்டன. ‘அண்டர்ஸ்டாண்ட்’, ‘ஃபர்கிவ்’, ‘வித்ஸ்டாண்ட்’ எல்லாம் அந்தக் காலத்து மிச்சம். மற்ற இடங்களில் ஒட்டுச்சொல் மெல்ல வினைக்குப் பின்னால் நகர்ந்துவிட்டது. சில இடங்களில் முன்னால் நின்றதும் பின்னால் நின்றதும் இரண்டுமே பிழைத்தன, பொருள்தான் பிரிந்துபோயிற்று. நம் நெடுஞ்சாலையில் பேருந்து செய்வது ‘ஓவர்டேக்’. ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்தை வாங்கினால் ‘டேக் ஓவர்’. அதே இரண்டு உறுப்புகள்தான். நீதிமன்றம் கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பை உறுதிசெய்தால் ‘அப்ஹோல்ட்’. வழிப்பறிக்காரன் துப்பாக்கியைக் காட்டி நிறுத்தினால் ‘ஹோல்ட் அப்’.

ஏன் நகர்ந்தது? அறிஞர்கள் பல காரணங்களைச் சொல்கிறார்கள். அவற்றில் மிகவும் சுவையானது வைக்கிங்குகளின் பங்கு. ஒன்பதாம் நூற்றாண்டு முதல் டென்மார்க்கிலிருந்தும் நார்வேயிலிருந்தும் வந்தவர்கள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறி, ஊர்க்காரர்களோடு கலந்து வாழ்ந்தார்கள். அவர்களுடைய நார்ஸ் மொழியில் ஒட்டுச்சொல் வினைக்குப் பின்னால் வருவதே வழக்கம். பீட்டர்பரோவும் அந்த டேனியர் ஆட்சிப் பகுதிக்குள் இருந்த ஊர்தான். இன்று ஃபிரேசல் வெர்ப்பின் முதுகெலும்பாக இருக்கும் ‘டேக்’, ‘கெட்’ இரண்டுமே நார்ஸ் மொழி கொடுத்தவை. ‘டேக்’ வருவதற்கு முன் ஆங்கிலேயர் எடுப்பதற்கு ‘நிமன்’ என்று வேறொரு சொல்லை வைத்திருந்தார்கள். வந்த சொல் நிலைத்தது, இருந்த சொல் மறைந்தது.

1066இல் நார்மன்கள் வென்ற பிறகு ஆட்சி, நீதிமன்றம் ஆகியவற்றின் மொழியாகப் பிரெஞ்சு வந்து உட்கார்ந்தது. கோயிலுக்கும் கல்விக்கும் லத்தீன் இருந்தது. ஆங்கிலம் வயலுக்கும் அடுக்களைக்கும் போயிற்று. பிற்பாடு அது திரும்பி வந்து அரியணை ஏறியபோது அதற்குள் இரண்டு தளங்கள் உண்டாகியிருந்தன. மேல்தளத்தில் ‘கன்டினியூ’, ‘எக்ஸ்டிங்குவிஷ்’, ‘டாலரேட்’, ‘போஸ்ட்போன்’. கீழ்த்தளத்தில் அதே பொருளுக்குக் ‘கேரி ஆன்’, ‘புட் அவுட்’, ‘புட் அப் வித்’, ‘புட் ஆஃப்’. தீ பிடித்த வீட்டின் முன்னே நிற்பவர் ‘எக்ஸ்டிங்குவிஷ்’ என்று கத்தமாட்டார். ஆனால் அரசு அறிக்கையில் அந்தச் சொல்தான் வரும். நம் பள்ளிகளும் அலுவலகங்களும் வாங்கிக்கொண்டது பெரும்பாலும் மேல்தள ஆங்கிலம். விண்ணப்பம் பிழையில்லாமல் எழுதுகிற ஒருவர் லண்டன் கடைக்காரரின் சாதாரணப் பேச்சில் திணறுவதற்கு வேர் இங்கே இருக்கிறது.

கீழ்த்தளத்துச் சொற்களுக்கு அறிஞர் மத்தியில் மதிப்புக் குறைவாகவே இருந்தது. கவிஞர் ஜான் டிரைடன் 1672இல், வாக்கியத்தை இடைச்சொல்லில் முடிப்பது குற்றம் என்று நாடகாசிரியர் பென் ஜான்சனைக் குறைசொன்னார். லத்தீனில் அப்படி முடிக்க வழியே இல்லை, ஆகவே ஆங்கிலத்திலும் கூடாது என்பது அக்காலத்துப் போக்கு. 1684இல் தம்முடைய பழைய கட்டுரையை மறுபதிப்பாகக் கொண்டுவந்தபோது, தம் வாக்கியங்களிலும் அந்தக் கடைசிச் சொற்களைத் தேடித் தேடி இடம் மாற்றினார். வேறொரு மொழியின் இலக்கணத்தைக் கொண்டுவந்து சொந்த மொழியை அளந்த இந்த வேலை ஆங்கிலத்துக்கு நன்மை செய்யவில்லை. பள்ளி ஆசிரியர்கள் பல தலைமுறைக்கு அதை விதியாகப் பிடித்துக்கொண்டார்கள். மக்கள் எப்போதும்போலப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இணைகளை மரியாதையோடு வரிசைப்படுத்திய முதல் பெரிய அறிஞர் சாமுவேல் ஜான்சன். 1746இல் லண்டன் புத்தக வியாபாரிகள் 1,500 கினி கூலி பேசி அகராதி வேலையை அவரிடம் ஒப்படைத்தார்கள். காஃப் சதுக்கத்து வீட்டின் மாடியில் ஆறு உதவியாளர்களோடு உட்கார்ந்து உழைத்து, 1755 ஏப்ரலில் வெளியிட்டார். மொத்தம் 42,773 தலைச்சொற்கள். அவற்றில் அவரை அதிகம் படுத்தியவை குட்டிச் சொற்கள்தான். ‘டேக்’ என்ற ஒரே வினைக்கு 134 பொருள்களை ஐந்து பக்கங்களில் எழுதினார். முன்னுரையில் இந்த இணைகளைத் தனியே எடுத்துப் பேசுகிறார். வினைக்குப் பின்னால் ஒரு சிறு சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் வழக்கம் ஆங்கிலத்தில் மிகுதி என்றும், அயல்நாட்டாருக்கு மிகப்பெரிய தொல்லை அதுதான் என்றும் சொல்லிவிட்டு, பதினொரு எடுத்துக்காட்டுகளை அடுக்குகிறார். அவற்றில் ‘செட் அவுட்’ புறப்படு என்ற பொருளில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘ஃபால் ஆஃப்’ என்பதற்கு அவர் தந்த பொருள் மதத்தைத் துறத்தல். அந்தப் பொருளில் இன்று யாரும் பேசுவதில்லை. இந்தச் சொற்களின் பொருள் தலைமுறைக்குத் தலைமுறை நழுவிக்கொண்டே இருக்கும் என்பதற்கு அந்தப் பட்டியலே சாட்சி.

கவனிக்க வேண்டியது இது: ஜான்சனை இந்தச் சொற்களிடம் அழைத்துப்போனது அயல்நாட்டு மாணவரைப் பற்றிய நினைப்பு. பேசிப் பேசிப் பழகியவருக்கு இவை கண்ணில் படுவதே இல்லை. அடுத்த இருநூறு ஆண்டு வரலாறும் இதே வழியில்தான் போகிறது.

பெயர் வைக்கவே நெடுங்காலம் ஆயிற்று. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதல் பகுதி 1884இல் வந்தது, முழுப்பணி 1928இல் முடிந்தது. அதன் பதிப்பாசிரியர்களுள் ஒருவர் ஹென்றி பிராட்லி. ஷெஃபீல்டில் கத்தி, கத்தரிக்கோல் செய்யும் நிறுவனமொன்றில் ஏறக்குறைய இருபது ஆண்டு கடிதக் குமாஸ்தாவாக இருந்துகொண்டே பல மொழிகளைத் தாமே படித்து மேலே வந்தவர். ‘ஃபிரேசல் வெர்ப்’ என்ற பெயர் அவர் யோசனை. அதை அச்சுக்குக் கொண்டுவந்தவர், அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய எழுத்தாளர் லோகன் பியர்சால் ஸ்மித். 1925இல் வெளிவந்த தம் புத்தகத்தில், பெயரைத் தந்தவர் பிராட்லி என்பதை மறக்காமல் குறிப்பிட்டார். அதற்குள் பிராட்லி இறந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. துறவி எழுதியதற்கும் பெயர் வந்ததற்கும் நடுவே ஏறத்தாழ 770 ஆண்டுகள்.

பெயர் கிடைத்த ஐந்தாவது ஆண்டிலேயே இந்தச் சொற்களை முன்வைத்து ஒரு பெரிய சண்டை மூண்டது. 1930இல் சி.கே. ஆக்டன் என்ற கேம்பிரிட்ஜ் அறிஞர் ‘பேசிக் இங்கிலீஷ்’ என்ற திட்டத்தை வெளியிட்டார். உலகமெல்லாம் எளிதில் கற்றுக்கொள்ள 850 சொற்கள் போதும் என்றார். அவற்றில் வினைகள் வெறும் 18. கம், கெட், கிவ், கோ, கீப், லெட், மேக், புட், சீம், டேக் என்று போகும் பட்டியல் அது. ‘என்டர்’ எதற்கு, ‘கோ இன்’ இருக்கும்போது? ‘அபாண்டன்’ எதற்கு, ‘கிவ் அப்’ இருக்கும்போது? வினைகளைக் குறைத்து, ஒட்டுச்சொற்களைக் கொண்டு மீதியைச் சமாளிப்பதுதான் அவருடைய சூத்திரம். இரண்டாம் உலகப்போர் நடுவில், 1943 செப்டம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேசிய சர்ச்சில் இதைப் புகழ்ந்தார். போருக்குப் பின் பிரிட்டிஷ் அரசு 23,000 பவுண்டு கொடுத்து இதன் உரிமையை வாங்கியது.

எண்ணிக்கையைப் பார்த்தால் கவர்ச்சியான திட்டம். ஆனால் 18 வினையும் கைவிரல் எண்ணிக்கை ஒட்டுச்சொற்களும் சேரும்போது பிறக்கும் பொருள்களை யார் எண்ணுவது? ‘அபாண்டன்’ என்பதை மாணவர் ஒருமுறை படித்தால் தீர்ந்தது. ‘கிவ்’, ‘அப்’ இரண்டையும் படித்தாலும் ‘கைவிடு’ என்ற பொருளை மூன்றாவதாக, தனியாக மனப்பாடம் செய்தாக வேண்டும். 1934இல் இந்தத் திட்டத்தை விமர்சித்து டொரான்டோவிலிருந்து ஒரு ஆய்வு வெளிவந்தது. அதை எழுதிய குழுவில் முதன்மையானவர் மைக்கேல் வெஸ்ட். அவருடைய கட்சிதான் நியாயமானது. ஏனென்றால் அவர் மாணவர்களை நேரில் பார்த்தவர்.

வெஸ்ட் டாக்காவின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முதல்வராக இருந்தார். வங்காளத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பாதியிலேயே பள்ளியை விட்டுவிடுவதையும், அதுவரை படித்த ஆங்கிலம் அவர்களுக்கு எதற்கும் உதவாமல் போவதையும் கண்டு மனம் நொந்தார். 1926இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். குறைந்த காலம் படித்தாலும் ஒரு புத்தகத்தையாவது வாசித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குச் சொல் வேண்டும் என்று தேர்ந்தெடுத்த சொற்களால் வாசிப்புப் பாடங்கள் எழுதினார். 1935இல் சீனாவில் பணியாற்றிய கனடா நாட்டுப் பாதிரியார் ஜே.ஜி. எண்டிகாட்டோடு சேர்ந்து ஒரு சிறிய அகராதியைக் கொண்டுவந்தார். சுமார் 24,000 பதிவுகளுக்கான விளக்கங்கள் அனைத்தும் 1,490 சொற்களுக்குள் எழுதப்பட்டவை. ஆங்கிலம் கற்பவருக்கென்றே ஆங்கிலத்திலேயே எழுதிய அகராதி என்ற வகை இதிலிருந்து தொடங்குகிறது. அதன் விதை வங்காளத்து வகுப்பறையில் விழுந்தது.

இரண்டாவது விதை ஜப்பானில் விழுந்தது. ஹெரால்டு பாமர் 1922இல் டோக்கியோ போய், அடுத்த ஆண்டு ஆங்கிலம் கற்பிக்கும் முறையை ஆராய ஒரு நிறுவனம் தொடங்கினார். 1924இல் ஓயிதா ஊரின் வணிகக் கல்லூரிக்கு ஆசிரியராக வந்த ஏ.எஸ். ஹார்ன்பி பின்னர் அவரோடு சேர்ந்தார். ஜப்பானிய மாணவர்களுக்குச் சொல்லின் பொருள் தெரிந்தும் வாக்கியத்தில் எங்கே எதை வைப்பது என்று தெரியவில்லை. ‘டேக் ஆஃப் யுவர் கோட்’ சரி, ‘டேக் யுவர் கோட் ஆஃப்’ என்பதும் சரி, ‘டேக் இட் ஆஃப்’ சரி. ‘டேக் ஆஃப் இட்’ மட்டும் ஏன் தவறு? ஆங்கிலேயக் குழந்தை யாரும் சொல்லித்தராமலே சரியாகச் சொல்லிவிடும். அதற்கு விதி எழுதவேண்டிய தேவை அயலாருக்குத்தான். ஹார்ன்பி வினைகளின் வாக்கிய அமைப்புகளை 25 வகையாகப் பிரித்து, கேட்டன்பி, வேக்ஃபீல்டு இருவரோடும் சேர்ந்து அகராதி எழுதினார்.

அகராதி அச்சேறும் வேளையில் போர் வந்துவிட்டது. 1941 டிசம்பரில் ஜப்பானிலிருந்த பிரிட்டிஷ்காரர்கள் காவலில் வைக்கப்பட்டார்கள். ஹார்ன்பியும் அவர்களில் ஒருவர். 1942இல் அவரை நாட்டுக்கு அனுப்பினார்கள். அதே ஆண்டு, எதிரி நாட்டுக்காரர்கள் எழுதிய அந்த ஆங்கில அகராதியை டோக்கியோவின் கைதாகுஷா பதிப்பகம் வெளியிட்டது. குண்டுகளுக்கு நடுவே ஒரு பதிப்பகம் காட்டிய இந்த நேர்மை போற்றத்தக்கது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம் அந்த ஜப்பானியப் பதிப்பையே படமெடுத்து வேறு பெயரில் அச்சிட்டது. இன்று நம் கல்லூரி மாணவர் வாங்கும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதியின் வம்சமூலம் அதுதான். 1961இல் தம் வருமானத்திலிருந்து ஒரு அறக்கட்டளையை ஏற்படுத்தி, பிற நாட்டு ஆங்கில ஆசிரியர்களின் படிப்புக்கு அதை ஒதுக்கினார் ஹார்ன்பி.

இந்தியாவில் இந்தச் சொற்களை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது ரென் அண்ட் மார்ட்டின். பம்பாய் மாகாணத்துக் கல்வித் துறையில் இருந்த பி.சி. ரென், பாலைவனப் படைவீரர் கதையான ‘போ ஜெஸ்ட்’ நாவலை 1924இல் எழுதிப் புகழ்பெற்றவர். 1930களில் எச். மார்ட்டினோடு அவர் பெயர் தாங்கி வந்த இலக்கணப் புத்தகம் அந்த நாவலைவிட நீண்ட ஆயுள் பெற்றது. வினை, ஒட்டுச்சொல் சேர்க்கைகளை மனப்பாடப் பட்டியலாகப் படிக்கும் பழக்கம் தேர்வுகளால் வேரூன்றியது. சென்னை மாநிலத்தில் 1950களின் இறுதியில் தொடங்கிய ஆசிரியர் பயிற்சி இயக்கமொன்று, பாமர், ஹார்ன்பி வழிவந்த முறையில், வகுப்பில் செய்துகாட்டியே வாக்கியம் சொல்லித்தர 27,000 ஆசிரியர்களைப் பழக்க முயன்றது. பயிற்சி பெற்றவர் அடுத்தவரைப் பயிற்றுவிப்பார், அவர் அடுத்தவரை. உருளும்போது பெருகும் என்பதால் அதற்குப் ‘பனிப்பந்து’ என்று பெயர் கிடைத்தது.

வகுப்பறைக்கு வெளியே தமிழர் வேறொரு வேலையைச் சத்தமில்லாமல் செய்திருக்கிறார்கள். ஃபிரேசல் வெர்ப்புகளிலிருந்து பிறந்த பெயர்ச்சொற்களை அப்படியே வாங்கிக்கொண்டார்கள்: மேக்கப், செக்கப், லாக்கப், பிக்கப், லேஅவுட், கட்அவுட். கிரிக்கெட் ‘ரன் அவுட்’ தந்தது. படப்பிடிப்புத் தளம் ‘பேக்கப்’ தந்தது. தமிழ் இந்தச் சொற்களை வினையாக வைத்துக்கொள்வதில்லை. பெயராக்கிவிட்டு ‘பண்ணு’ என்று தன் வினையை ஒட்டிவிடும்: செக்கப் பண்ணு, பிக்கப் பண்ணு. ‘கட்அவுட்’ தமிழ்நாட்டுத் தெருக்களில் ஆள்மட்டத்தைத் தாண்டி ஐம்பது அடிக்கும் மேலே வளர்ந்து, ஆங்கிலேயர் நினைத்திராத பிரம்மாண்டத்தை அடைந்தது. ‘செட்டப்’ என்றால் இங்கே தொனியே வேறு. பத்திரிகைகளோ நல்ல தமிழும் கண்டுபிடித்தன. ‘வாக் அவுட்’ வெளிநடப்பு ஆயிற்று, ‘லாக் அவுட்’ கதவடைப்பு ஆயிற்று, ‘லேஅவுட்’ மனைப்பிரிவு ஆயிற்று. இவற்றை ஆக்கியவர்கள் உறுப்புக்கு உறுப்பு பெயர்க்காமல் முழுப்பொருளைப் பிடித்தார்கள். அதனால்தான் அவை நின்றன.

1970களில் ஃபிரேசல் வெர்ப்புகளுக்கென்றே தனி அகராதிகள் வரத் தொடங்கின. 1971இல் டுவைட் போலிங்கரின் ஆய்வு நூல், 1974இல் மக்ஆர்தர், அட்கின்ஸ் இருவரின் அகராதி, 1975இல் கவி, மக்கின் தொகுத்த பெரிய தொகுதி, 1989இல் பர்மிங்காமின் கோபில்ட் அகராதி. கடைசியது கணினியில் திரட்டிய உண்மையான பேச்சையும் எழுத்தையும் ஆதாரமாகக் கொண்டது. ஆய்வாளர்களும் மாணவர்களிடம் திரும்பினார்கள். எபிரேய மொழி பேசும் மாணவர்கள் ஃபிரேசல் வெர்ப்பைத் தவிர்த்து ஒற்றைச் சொல்லையே தேடிப்போகிறார்கள் என்று 1985இல் கண்டார்கள். டச்சு மாணவர்களிடம் 1989இல் வேறொரு விசித்திரம் தெரிந்தது. தாய்மொழியிலேயே இந்த அமைப்பு இருந்தும், ‘நம் மொழி மாதிரியே இருக்கிறதே, தப்பாக இருக்குமோ’ என்று சில சொற்களை அவர்கள் ஒதுக்கினார்கள்.

2007இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கார்ட்னர், டேவிஸ் இருவரும் 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியத் தொகுப்பைக் கணினியில் அலசினார்கள். சுமார் 5 லட்சத்து 19 ஆயிரம் இடங்களில் ஃபிரேசல் வெர்ப் வந்திருந்தது, அதாவது சராசரியாக 190 சொல்லுக்கு ஒன்று. அதில் பாதிக்கு மேல், வெறும் 20 வினைகள் 8 ஒட்டுச்சொற்களோடு சேர்ந்தவை. முதலிடம் ‘கோ ஆன்’, அடுத்து ‘கேரி அவுட்’, ‘செட் அப்’, ‘பிக் அப்’. ஆனால் அதிகம் வரும் நூறு இணைகளுக்கு மட்டும் 559 பொருள்கள் இருந்தன. ஆக்டனுக்கு எதிராக வெஸ்ட் சொன்னதைக் கணினி எண்ணிக்காட்டியது.

இந்த எண்கள் தமிழ்வழி ஆசிரியருக்கு நேரடியாகப் பயன்படும். ‘ஈட் அப்’ என்பதில் ‘அப்’ மேலே என்று பொருள்படாது. வேலை முழுதாக முடிந்ததைச் சொல்கிறது. தமிழ் இதே வேலையைத் துணைவினைக்குக் கொடுத்திருக்கிறது: தின்றுதீர், குடித்துவிடு, எரிந்துபோ. ‘தீர்’, ‘விடு’, ‘போ’ ஆகியவை தங்கள் சொந்தப் பொருளை இழந்து முன்வினையின் முடிவைக் காட்டுகின்றன. ‘கோ ஆன்’ என்பதன் தொடர்ச்சியை நாம் ‘பேசிக்கொண்டே இரு’ என்பதில் ஒவ்வொரு நாளும் சொல்கிறோம். இருபது வினைகளை எட்டு ஒட்டுச்சொற்களால் பெருக்கினால் 160. அவற்றையும் நம் துணைவினைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பாடப்புத்தகம் எழுதினால், அகரவரிசைப் பட்டியலை உருப்போடுவதைவிட ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது விரைவில் பிடிபடும். அந்தப் புத்தகத்தை எழுத வேண்டியவர் இரண்டு மொழிகளுக்கும் நடுவில் நிற்கும் தமிழ்நாட்டு ஆசிரியர். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து அது வராது.